எல்டன் ரிங்: எப்படிச் சாகிறீர்கள் என்று சொல்லுங்கள், கோளாறு எங்கே என்று பார்ப்போம்

2022 பிப்ரவரி 25 அன்று வெளிவந்ததிலிருந்து எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் பற்றி ஓயாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இந்த பாஸை (பெரிய எதிரியை) எப்படி அடிப்பது?" ஈஸி, நார்மல், ஹார்டு என்று தேர்ந்தெடுக்க இதில் பொத்தான் கிடையாது. ஆட்டத்தை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் அதை வைக்காமல் விட்டதற்குப் பதிலாக நமக்குக் கொடுத்திருப்பது பில்டு. எந்த ஸ்டேட்டில் (கேரக்டரின் திறன் எண்ணில்) புள்ளி போடுகிறோம், எந்த ஆயுதத்தை மேம்படுத்தக் கல்லைச் செலவழிக்கிறோம், எவ்வளவு எடையைச் சுமக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் ஆட்டத்தின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம் என்பார்கள். இந்த ஆட்டத்தில் பாதி நேரம் மேடை உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது, அதைக் கோணலாக்கியது நாம் போட்ட பில்டு.

கைப்பழக்கத்தைக் குறை சொல்வதற்கு முன், புதிய கேரக்டர் தொடங்குவதற்கும் முன், ஸ்டேட்டஸ் திரையைத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மொத்த ஹெச்பி (உயிர்) எவ்வளவு, ஆயுதத்தின் பெயருக்குப் பக்கத்தில் பிளஸ் (மேம்படுத்திய படி) எத்தனை, எடை லைட்டா மீடியமா ஹெவியா. இந்த மூன்றும் தெரிந்தபின் கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதற்குப் போங்கள்.

"ஒரே அடியில் செத்துவிடுகிறேன்"

ஹெச்பியைக் கூட்டும் ஸ்டேட்டான விகர் போதவில்லை, அவ்வளவுதான். இதை யாரும் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை, ஏனென்றால் விகரில் புள்ளி போட்டால் அடி கூடாது, திரையில் பளபளவென்று எதுவும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். விகர் 10-ல் ஹெச்பி 414. 20-ல் 652. 30-ல் 994. 40-ல் 1450. 50-ல் 1704. 60-ல் 1900. அதற்குமேல் 99 வரை போனாலும் 2100-தான். 20-லிருந்து 40-க்குப் போகும் இருபது லெவல் ஹெச்பியை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்குகிறது. 60-லிருந்து 99-க்குப் போகும் முப்பத்தொன்பது லெவலுக்கு வெறும் 200 கிடைக்கிறது. அதனால் 60-ஐத் தாண்டிப் போடுவது வீண். 40-ஐத் தொடாமல் லெய்ண்டெல் தலைநகருக்குள் நுழைவது வீராப்பு.

என் அளவுகோல் இது: முதல் பெரிய பாஸான மார்கிட்டிடம் போகும்போது 20, அடுத்த பகுதியான லியூர்னியாவை முடிக்கும்போது 30, லெய்ண்டெல்லுக்கு 40, ஜெயன்ட்களின் பனிமலைக்கு ஏறும்போது 50-க்கு மேல். மந்திரவாதி பில்டுக்கும் இதேதான். "நான் தூரத்தில்தானே நிற்கிறேன், எனக்கு எதற்கு விகர்" என்பவர்கள் பனிமலையில் ஒரு காக்கையிடம் அடி வாங்கிப் பார்க்கட்டும்.

விகர் சரியாக இருந்தும் இரண்டே அடியில் போய்ச் சேருகிறீர்கள் என்றால் தாயத்துப் பட்டியலைப் பாருங்கள். ராடகன்ஸ் சோர்சீல் மாட்டியிருக்கிறீர்களா? கேலிட் பகுதியில் ஃபோர்ட் ஃபாரத்தில் கிடைப்பது. விகர், எண்ட்யூரன்ஸ், ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி நான்கிலும் 5 கூட்டும் என்றதும் எல்லாரும் மாட்டிவிடுகிறார்கள். கூடவே வாங்கும் அடி 15 சதவீதம் கூடும் என்ற இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. ஆரம்ப லெவலில் ஆயுதத்தின் தேவையை எட்ட அது உதவும். லெவல் ஏறியபின் கழற்றி வைத்துவிட்டு டிராகன்கிரெஸ்ட் ஷீல்டு தாயத்தை மாட்டினால் உடல்தாக்குதல் டேமேஜ் 10 சதவீதம் குறையும். அதன் மேல்வகை டிராகன்கிரெஸ்ட் கிரேட்ஷீல்டு 20 சதவீதம் குறைக்கும்.

இன்னொன்று: ஸ்டார்ம்வேல் கோட்டையின் பாஸான காட்ரிக்கைக் கொன்ற பின் கிடைக்கும் கிரேட் ரூன் அப்படியே வேலை செய்யாது. தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் டிவைன் டவருக்குப் போய் அதை உயிர்ப்பித்து, கிரேஸில் (ஓய்வெடுக்கும் இடத்தில்) பொருத்தி, பிறகு ரூன் ஆர்க் என்ற பொருள் ஒன்றை உடைக்க வேண்டும். அப்போதுதான் எல்லா ஸ்டேட்டிலும் 5 கூடும். செத்தால் அந்தப் பலன் போய்விடும். பையில் ரூன் ஆர்க்கைக் குவித்து வைத்துக்கொண்டு "பிறகு பயன்படும்" என்று ஆட்டத்தையே முடித்தவர்கள் ஏராளம்.

"எவ்வளவு அடித்தாலும் பாஸுக்கு எதுவும் ஆகவில்லை"

எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல பாஸ் நின்றுகொண்டிருந்தால், பத்தில் ஒன்பது முறை ஆயுதம் அப்கிரேடு ஆகவில்லை என்று அர்த்தம். ஸ்ட்ரெங்த்தை 20-லிருந்து 30 ஆக்குவதைவிட, அதே ஆயுதத்தை +3-லிருந்து +9 ஆக்குவது அதிக அடியைத் தரும். பிளஸ் ஏறும்போது ஆயுதத்தின் அடிப்படை டேமேஜும் கூடும், ஸ்டேட்டிலிருந்து அது உறிஞ்சும் அளவும் கூடும். அதனால்தான் +0 ஆயுதத்தை வைத்துக்கொண்டு லெவல் ஏற்றுவது பெரும்பாலும் வெறுங்கையில் முழம் போடுவதாக முடிகிறது.

ஆயுதங்கள் இரண்டு வகை. சாதாரண ஸ்மித்திங் ஸ்டோனில் ஏறுபவை +25 வரை போகும். சோம்பர் ஸ்மித்திங் ஸ்டோனில் ஏறும் தனித்துவமான ஆயுதங்கள் +10 வரை. சோம்பரின் ஒரு பிளஸ் கிட்டத்தட்ட சாதாரண வகையின் இரண்டரை பிளஸுக்குச் சமம். அதாவது சோம்பர் வகையின் +4 மூன்வெயிலும் சாதாரண வகையின் +10 உச்சிகட்டானாவும் ஒரே படியில் நிற்கின்றன. "உன்னுடையது +10, என்னுடையது +4-தான்" என்று கவலைப்பட வேண்டாம்.

கல்லின் கணக்கில்தான் பலர் மாட்டுகிறார்கள். சோம்பருக்கு ஒரு பிளஸுக்கு ஒரே ஒரு கல். சாதாரண வகையிலோ முதல் பிளஸுக்கு 2, அடுத்ததற்கு 4, அதற்கடுத்து 6. ஒரு படியைத் தாண்டவே 12 கல் வேண்டும், அதன்பின் அடுத்த எண் கல். இப்படி இருக்கும்போது நான்கு ஆயுதங்களைச் சமமாக ஏற்றினால் நான்குமே உதவாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதற்கே எல்லாம்.

கல் எங்கே? வரைபடத்தில் கருஞ்சிவப்பு ஓரத்தோடு வட்டமான துளை போல் தெரிவதெல்லாம் சுரங்கம். லிம்கிரேவ் சுரங்கத்தில் முதல் எண் கல் தாராளமாகக் கிடைக்கும். லியூர்னியாவில் ராயா லுகாரியா கிரிஸ்டல் சுரங்கத்தின் பாஸைக் கொன்றால் ஸ்மித்திங்-ஸ்டோன் மைனர்ஸ் பெல் பேரிங் முதலாவது கிடைக்கும். அதை உங்கள் தங்குமிடமான ரவுண்ட்டேபிள் ஹோல்டில் விற்பனை செய்யும் ட்வின் மெய்டன் ஹஸ்க்ஸிடம் கொடுத்தால் 1, 2 எண் கற்களை ரூன் (ஆட்டத்தின் பணம்) கொடுத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். ஏற்றுவதற்கும் இடம் முக்கியம்: சர்ச் ஆஃப் எல்லேயில் உள்ள பட்டறை மேசை +3-ஓடு நின்றுவிடும். அதற்குமேல் ரவுண்ட்டேபிளில் உள்ள கொல்லன் ஹ்யூக்தான்.

அப்கிரேடு சரியாக இருந்தும் அடி விழவில்லையா? அடுத்துப் பார்க்க வேண்டியது தேவை. ஆயுதத்தின் ஸ்டேட் தேவையை நீங்கள் எட்டவில்லை என்றால் ஐகானில் சிவப்புக் குறுக்குக் குறி இருக்கும், டேமேஜ் அதலபாதாளத்தில் இருக்கும். இரண்டு கையால் பிடித்தால் ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். கேலிட்டில், கேலம் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியில் கிடைக்கும் கிரேட்ஸ்வோர்டுக்கு ஸ்ட்ரெங்த் 31 வேண்டும். 21 இருந்தாலே இரண்டு கையால் தூக்கிவிடலாம். பத்து லெவல் மிச்சம், அதை அப்படியே விகருக்குக் கொடுங்கள். இதே கணக்கில்தான் இரண்டு கை ஸ்ட்ரெங்த் பில்டுக்காரர்கள் 54-ல் நிற்கிறார்கள்: அது 81 ஆகிவிடுகிறது, 80-க்குமேல் ஸ்ட்ரெங்த்தின் பலன் சொற்பம்.

பிறகு அஃபினிட்டி, அதாவது ஆயுதத்துக்கு நாம் ஏற்றும் தன்மை. ஃபயர், லைட்னிங் மாதிரியான அஃபினிட்டியில் டேமேஜ் இரண்டாகப் பிரியும், பாதி உடல்தாக்குதல், பாதி நெருப்பு. எதிரியின் தற்காப்பு இரண்டையும் தனித்தனியே கழிக்கும். ஸ்ட்ரெங்த் 20-க்குக் கீழே இருக்கும்வரை ஃபயர் லாபம். 30, 40 என்று ஏறியபின் ஸ்ட்ரெங்த்தை நம்பும் ஹெவி அஃபினிட்டிக்கு மாறிவிடுங்கள். அதற்கு ஸ்டார்ம்வேல் கோட்டையில் கிடைக்கும் அயர்ன் வெட்பிளேடு வேண்டும். கோட்டையை ஓடிக் கடந்தவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

கடைசியாக எதிரியின் உடம்பு. கிரிஸ்டலியன்களை வாளால் வெட்டிக்கொண்டே இருந்தால் உங்கள் பொறுமைதான் தேயும். அவை கல் உடம்பு. சுத்தியல், கதை, மேஸ் போன்று நசுக்கும் ஆயுதம் எடுத்து இரண்டு மூன்று கனமான அடி கொடுத்தால் நிலைகுலைந்து மண்டியிடும், அதன்பின் சாதாரண அடியே நன்றாக ஏறும். சுரங்கத் தொழிலாளிகளும் அப்படித்தான். எர்ட்ட்ரீ அவதாருக்கு நெருப்பு. கடைசி பாஸான ராடகன், எல்டன் பீஸ்ட் இருவரிடமும் ஹோலி டேமேஜ் அநேகமாகப் பலிக்காது. ஃபெய்த் பில்டுக்காரர்கள் ஆட்டம் முழுக்க ஹோலியை நம்பி வந்து கடைசிக் கதவில் முட்டிக்கொள்வது இதனால்தான். நெருப்போ மின்னலோ ஒரு மாற்று ஆயுதம் கையில் இருக்கட்டும்.

"ரோல் பண்ணினாலும் அடி விழுகிறது"

ரோல் என்பது அடியிலிருந்து தப்ப உருள்வது. முதலில் எடை. மொத்தத் தாங்கும் அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் லைட், 70-க்குக் கீழே மீடியம், 70-ஐத் தொட்டால் ஹெவி. ஹெவியில் ரோல் என்பது மூட்டையை உருட்டுவதுதான், அடி படாத நேரமும் குறைவு. 70.1 சதவீதத்தில் இருந்துகொண்டு விரல்களைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கையுறையைக் கழற்றினாலே சரியாகிவிடும். கவசத்தைக் கழற்ற மனமில்லை என்றால் எண்ட்யூரன்ஸில் சில புள்ளி போடுங்கள், அல்லது கிரேட்-ஜார்ஸ் ஆர்சனல் தாயத்தைத் தேடுங்கள்.

எடை மீடியமாக இருந்தும் அடி விழுகிறது என்றால் கோளாறு நேரத்தில். மார்கிட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம், எல்லாரும் அவனிடம்தான் முதலில் சிக்குகிறார்கள். கைத்தடியைத் தலைக்குமேல் தூக்குவான். தூக்கியதும் நீங்கள் ரோல் போடுவீர்கள். அவன் இன்னும் தூக்கியபடியே நிற்பான். ரோல் முடிந்து நீங்கள் எழும் அந்த நொடியில்தான் தடி இறங்கும். பதற்றத்தில் ரோல் போடுபவனைக் குறிவைத்தே இந்தத் தாமதம் வைக்கப்பட்டிருக்கிறது. அவன் கை தூக்குவதைப் பார்க்காதீர்கள். கை கீழே இறங்கத் தொடங்குவதைப் பாருங்கள், அப்போது அழுத்துங்கள். முதல் இரண்டு மூன்று உயிரை அடிக்கவே அடிக்காமல் இதைப் பார்ப்பதற்கென்றே செலவழித்தால் நஷ்டமில்லை. அரங்கத்துக்குப் போகுமுன் ரூன்களை லெவலுக்குச் செலவழித்துவிடுங்கள், இழக்க எதுவும் இருக்காது.

அடுத்தது திசை. பின்னால் ரோல் போடுவது இயல்பு, இந்த ஆட்டத்தில் அதுதான் பெரும்பாலும் தப்பு. மார்கிட்டின் தடியும் வாலும் நீளம், பின்வாங்கினால் அதன் நுனியில் போய் நிற்பீர்கள். அவன் இடுப்பை நோக்கி, சற்றே பக்கவாட்டில் ரோல் போடுங்கள். அடி உங்களைக் கடந்து பின்னால் போகும், நீங்கள் அவன் முதுகுப் பக்கம் எழுவீர்கள், அங்கே ஒரு அடி இலவசம். ஒன்று மட்டும். இரண்டாவதுக்கு ஆசைப்பட்டால் வால் சுழன்று வரும்.

மூன்றாவது, பொத்தானை இரண்டு முறை அழுத்துவது. ஆட்டம் உங்கள் அழுத்தலை வரிசையில் வைத்துக்கொள்ளும். பதற்றத்தில் இரண்டு தட்டு தட்டினால் முதல் ரோல் முடிந்ததும் வேண்டாத இரண்டாவது ரோல் தானாக நடக்கும். "நான் எதுவும் அழுத்தவில்லை, அதுவே உருண்டது" என்ற புகாரெல்லாம் இதுதான்.

உயிரை ஏற்றும் ஃபிளாஸ்க் குடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூரம் போய்க் குடிக்கத் தொடங்கியதும் மார்கிட் ஒளிக்கத்தியை வீசுவான். அவன் ஒரு தொடரை முடித்து மூச்சு வாங்கும்போது, பக்கத்திலேயே நின்று குடிப்பது பாதுகாப்பு.

இவ்வளவும் செய்தும் முடியவில்லை என்றால், மர்க்வாட்டர் குகையில் பேட்சஸை அடித்துக் கொல்லாமல் விட்டால் அவன் கடை விரிப்பான். 5000 ரூனுக்கு மார்கிட்ஸ் ஷாக்கிள் வாங்கலாம். முதல் கட்டத்தில் மட்டும், இரண்டு முறை, மார்கிட்டைத் தரையோடு கட்டிப்போடும். இது ஏமாற்று வேலையில்லை, ஆட்டமே வைத்திருக்கும் வழி.

"கேடயம் வைத்திருக்கிறேன், ஆனாலும் கீழே விழுகிறேன்"

உடல்தாக்குதலை 100 சதவீதம் தடுக்காத கேடயம் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். 100 சதவீதம் இருந்தும் தடுப்பு உடைந்தால் ஸ்டாமினா தீர்ந்துவிட்டது என்று பொருள். கேடயத்தைத் தூக்கிப் பிடித்தபடியே சுற்றினால் ஸ்டாமினா மெதுவாகத்தான் மீளும், இடையிடையே கையை இறக்குங்கள். அடியைத் தடுத்த அடுத்த கணமே ஹெவி அட்டாக் அழுத்தினால் கார்டு கவுண்டர். கேடய பில்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் கேடயம் சுமப்பதில் அர்த்தமில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஹாலிக்ட்ரீயில் மலேனியா என்ற பாஸிடம் கேடயத்தை நம்பிப் போகாதீர்கள். அடி கேடயத்தில் பட்டாலும் அவளுக்கு உயிர் ஏறும். ரத்தக்கசிவும் (பிளீட்) ஃப்ராஸ்ட்பைட்டும் (பனித்தாக்கு) அவளிடம் பலிக்கும், லேசாகத் தட்டினாலே தடுமாறுவாள். வேகமான ஆயுதம்தான் சரி.

"பிளீட் பில்டு போட்டேன், ரத்தமே வரவில்லை"

எலும்புக்கூட்டுக்கு ஏது ரத்தம்? கிரிஸ்டலியன், கல் உருவங்கள், எலும்புக்கூடுகள் எதற்கும் ரத்தக்கசிவு கிடையாது. ரத்தமுள்ள எதிரியிலும் அடி சேர்ந்து ஒரு முறை வெடித்தபின் அடுத்ததற்கான வரம்பு கூடிக்கொண்டே போகும். முதல் வெடிப்பு சட்டென்று வந்து மூன்றாவதுக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் பதில் இதுதான்.

சாமுராய் வகுப்பில் கையோடு வரும் உச்சிகட்டானாவில் ரத்தக்கசிவு இயல்பாகவே உண்டு. அதற்கு பிளட் அஃபினிட்டி போட்டுவிட்டு, ரத்தக்கசிவை வளர்க்கும் ஸ்டேட்டான ஆர்கேனை 10-ல் விட்டால் டேமேஜ்தான் குறையும். ஆர்கேன் ஏற்றப் போவதில்லை என்றால் டெக்ஸ்டெரிட்டியை நம்பும் கீன் அஃபினிட்டி போதும், கத்தியின் சொந்த ரத்தக்கசிவு அப்படியே இருக்கும்.

ஃப்ராஸ்ட்பைட்காரர்களுக்கு: அது ஏறியபின் எதிரி வாங்கும் டேமேஜ் 20 சதவீதம் கூடும். நெருப்பு பட்டால் ஃப்ராஸ்ட்பைட் கலைந்துவிடும். ஒரு கையில் பனி, மறு கையில் நெருப்பு என்று வைத்திருந்தால் ஒன்று சேர்த்ததை மற்றொன்று துடைக்கும். சிலர் வேண்டுமென்றே அப்படிக் கலைத்து மறுபடி ஏற்றி, அந்த முதல் வெடிப்பின் டேமேஜைத் திரும்பத் திரும்ப வாங்குவார்கள். கணக்குத் தெரிந்து செய்தால் நல்ல உத்தி.

"மந்திரவாதி பில்டு: எஃப்பி தீர்ந்துவிடுகிறது, பாஸ் மேலே வந்து விழுகிறது"

எஃப்பி என்பது மந்திரத்துக்கான சக்தி. ஃபிளாஸ்க் பங்கீட்டை மாற்றினீர்களா? எந்த கிரேஸிலும் ஹெச்பி ஏற்றும் சிவப்பைக் குறைத்து எஃப்பி ஏற்றும் நீலத்தைக் கூட்டலாம். சாலையில் போகும்போது ஒரு பங்கீடு, பாஸுக்கு ஒரு பங்கீடு என்று மாற்றிக்கொண்டே இருங்கள். எஃப்பியைக் கூட்டும் ஸ்டேட்டான மைண்டில் புள்ளி கொட்டுவதைவிட இது மலிவு.

ஆரம்பத்திலேயே அடி கூட வேண்டும் என்றால் கேலிட்டில் ஸ்ட்ரீட் ஆஃப் சேஜஸ் இடிபாடுகளுக்கு உங்கள் குதிரையான டோரண்டில் ஓடுங்கள். இன்டெலிஜன்ஸ் ஸ்கேலிங் (ஸ்டேட்டிலிருந்து உறிஞ்சும் அளவு) உச்சமான எஸ் எழுத்தில் உள்ள மீட்டியரைட் ஸ்டாஃப் ஜன்னலோரம் கிடக்கிறது, 18 இன்டெலிஜன்ஸ் இருந்தால் போதும். அங்கேயே நிலவறையில் ராக் ஸ்லிங் மந்திரம். சுற்றிலும் ஸ்கார்லெட் ராட் என்ற நச்சு ஏறும் சேறு, சண்டை போட நிற்க வேண்டாம், எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அந்தக் கோலை ஏற்ற முடியாது, அதனால் நடு ஆட்டத்தில் பின்தங்கிவிடும். அதுவரை அதற்கு இணையில்லை.

ராக் ஸ்லிங்கின் அருமை வேறோர் இடத்தில்தான் புரியும். அது இன்டெலிஜன்ஸில் ஏறினாலும் எறிவது கல், விழுவது உடல்தாக்குதல் டேமேஜ். ராயா லுகாரியா அகாடமியின் பாஸான ரெனாலாவின் மேல் நீல மந்திரம் ஏறாது, குறிப்பாக இரண்டாம் கட்டத்தில். மந்திரத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் அங்கே திகைத்து நிற்பார்கள். கல்லை எறியுங்கள்.

பாஸ் மேலே விழுவதற்கு மருந்து இடைவெளியைப் படிப்பது. பெரிய மந்திரத்தை பாஸ் ஒரு தொடரை முடித்த பின் மட்டும் எறியுங்கள், நடுவில் பெபிள் போன்ற சின்னதுகளே போதும். மந்திரம் சொல்லும் வேகத்துக்கு அகாடமியிலேயே ஒரு பெட்டியில் ராடகன் ஐகான் தாயத்து இருக்கிறது.

"ஸ்பிரிட்டைக் கூப்பிட்டால் உடனே செத்துவிடுகிறது"

ஸ்பிரிட் ஆஷையும் (துணைக்குக் கூப்பிடும் ஆவியையும்) ஆயுதத்தைப் போல ஏற்ற வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. ரவுண்ட்டேபிளுக்கு வந்துசேரும் ரோடெரிகாவிடம் க்ளவ்வொர்ட் பூக்களைக் கொடுத்து ஏற்றலாம், பூக்கள் பாதாளக் கல்லறைகளில் கிடைக்கும். +0 ஓநாய்கள் மார்கிட்டிடம் கவனத்தைத் திருப்பவே போதும், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

நிலத்தடி நகரான நோக்ரானில் கிடைக்கும் மிமிக் டியர் என்ற ஸ்பிரிட் உங்கள் கவசம், ஆயுதம், தாயத்தை அப்படியே மாட்டிக்கொண்டு வரும். கூப்பிட எஃப்பிக்குப் பதில் உங்கள் ஹெச்பியை எடுக்கும், ஆகவே கூப்பிட்டதும் ஒரு ஃபிளாஸ்க். 1.03 பேட்சில் அதைக் கொஞ்சம் குறைத்தார்கள், இன்னும் நன்றாகத்தான் அடிக்கிறது.

பொறுமையாக இருங்கள். கூப்பிட்டுவிட்டு அது பாஸின் கவனத்தை வாங்கும்வரை காத்திருந்து, பாஸ் முதுகைக் காட்டும்போது போங்கள். இரண்டு பேரும் முன்பக்கமே நின்றால் ஒரே வீச்சில் இருவரும் போவீர்கள்.

இரட்டை பாஸ் என்றால், குறிப்பாக ஃபாரம் அசுலாவில் காட்ஸ்கின் ஜோடிக்கு, ஸ்பிரிட்டைவிடத் தூக்கம் பெரிய ஆயுதம். இருவருக்கும் தூக்கம் ஏறும். ஸ்லீப் பாட்டோ ட்ரினா அம்போ எறிந்து ஒருவனைத் தூங்க வைத்து, மற்றவனைத் தூண் மறைவில் தனியாக முடியுங்கள்.

"கேமரா பைத்தியம் பிடித்தது போல் சுழல்கிறது"

டிராகன், ஃபயர் ஜெயன்ட் போன்ற பெரிய உருவங்களிடம் லாக்-ஆனை (கேமராவை எதிரியின் மேல் பூட்டுவதை) எடுத்துவிடுங்கள். காலடியில் நின்று கண்ணால் பார்த்து அடியுங்கள். டிராகன் தலையைத் தாழ்த்தும்போது மட்டும் தலைக்கு ஓடுங்கள்.

"எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுவிட்டேன், இப்போது எதுவும் ஏறவில்லை"

ஸ்ட்ரெங்த் 22, டெக்ஸ் 20, இன்டெலிஜன்ஸ் 18, ஃபெய்த் 16, விகர் 19. அகலக் கால் வைத்த பில்டு இப்படித்தான் இருக்கும். ரெனாலாவைத் தோற்கடித்த பின், லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றை அவளிடம் கொடுத்தால் எல்லாப் புள்ளிகளையும் எடுத்து மறுபடி பங்கிடலாம். ஆயுதத்தின் பிளஸ் எதுவும் போகாது, தொடக்க வகுப்பின் அடிப்படை எண்ணுக்குக் கீழே மட்டும் இறக்க முடியாது. டியர் ஒன்று காரியா மேனருக்குப் பின்புறம் பிடியாவிடம் விலைக்குக் கிடைக்கும், நோக்ரானில் இன்னும் சில உண்டு.

பங்கிடும் வரிசை: முதலில் விகர், அடுத்து கையிலுள்ள ஆயுதத்தின் குறைந்தபட்சத் தேவை, பிறகு எடை மீடியத்தில் நிற்குமளவு எண்ட்யூரன்ஸ், மிச்சமெல்லாம் ஒரே ஒரு தாக்குதல் ஸ்டேட்டில். மேலே சொன்ன பில்டு 95 புள்ளி. அதையே ஸ்ட்ரெங்த் 32, டெக்ஸ் 13, விகர் 33, மிச்சம் இரண்டும் வகுப்பின் அடிமட்டத்தில் என்று வைத்துப் பாருங்கள், வேறு ஆட்டம் ஆடுவது போலிருக்கும். ஃபெய்த் 16-ல் கிடைத்த அந்தச் சின்ன வைத்திய மந்திரத்தை யாரும் தேட மாட்டீர்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: வாகபாண்டு வகுப்பை எடுங்கள், விகர் 15-ல் தொடங்குகிறது. ரெட்ச் எல்லாவற்றிலும் 10 என்று சமமாக இருப்பதால் சுதந்திரம் என்று நினைக்காதீர்கள், உடுக்க ஒரு துணியும் கையில் ஒரு தடியும்தான் கொடுப்பார்கள்.

"ஒரே பாஸில் மாட்டி நகரவே முடியவில்லை"

விட்டுவிட்டுப் போங்கள். மார்கிட்டில் மாட்டினால் தெற்கே வீப்பிங் பெனின்சுலா முழுக்கக் காத்திருக்கிறது: கோல்டன் சீட், சேக்ரெட் டியர், கல் எல்லாம். ஃபிளாஸ்க் எண்ணிக்கையும் வலுவும் அங்கேயே ஏறிவிடும். மூன்றாம் மரிகா ஆலயத்தில் வொண்ட்ரஸ் ஃபிசிக் ஃபிளாஸ்கை எடுத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். ஸ்டார்ம்வேல் கோட்டையை ஓரமாகச் சுற்றிக்கொண்டு லியூர்னியாவுக்கே இறங்கிவிடவும் பாதை உண்டு. காட்ரிக் எங்கும் ஓடிப்போக மாட்டான்.

"லெவல் 150, ஆனால் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீயில் எல்லாரும் பந்தாடுகிறார்கள்"

2024 ஜூன் 21 அன்று வந்த இந்த விரிவாக்கத்தில் லெவல் அரை பலம்தான். நிழல் தேசத்துக்கென்று தனியாக ஸ்கடூட்ரீ ஆசி இருக்கிறது, துண்டுகளைச் சேர்த்து கிரேஸில் ஏற்ற வேண்டும். மொத்தம் 50 துண்டு, 20 படி. ஒவ்வொரு படிக்கும் கொடுக்கும் அடி கூடும், வாங்கும் அடி குறையும். வெளிவந்த சில நாளிலேயே "தாங்க முடியவில்லை" என்ற கூச்சலால் ஆரம்பப் படிகளின் பலனைக் கூட்டினார்கள், ஆனால் துண்டு பொறுக்காதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே அங்கே பாஸிடம் மாட்டினால் ஸ்டேட்டைத் தொடாதீர்கள், ஆசியின் எண்ணைப் பாருங்கள். 3, 4-ல் நின்றுகொண்டு ரெலானா என்ற பாஸிடம் மோதுகிறீர்கள் என்றால் வெளியே வாருங்கள். மிக்கெல்லாவின் சிலுவைகள் ஒவ்வொன்றாகத் தேடிப் போங்கள், பலவற்றின் அடியிலேயே துண்டு இருக்கும். தலையில் பானையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நிழல் மனிதர்களைக் கண்டால் விடாதீர்கள், அவர்களிடமும் துண்டு உண்டு. ஸ்பிரிட்டை நம்புபவர்கள் ரிவியர்டு ஸ்பிரிட் ஆஷையும் சேர்த்துப் பொறுக்குங்கள், அது அவற்றுக்கும் டோரண்டுக்கும் தனி ஆசி.